பாலை கடந்த மிதிவண்டி

மிதிவண்டி எளிய மக்களின் ஊர்தி. உழவர் வயலுக்கும், தொழிலாளர் ஆலைக்கும், மாணவர் பள்ளிக்கும் அதன்மீது ஏறிச் செல்வதை நாள்தோறும் காண்கின்றோம். அதற்குப் புல் வேண்டா, நீர் வேண்டா, எண்ணெயும் சில துளிகளே போதும். ஏறிச் செல்வோனின் கால்வலிமை ஒன்றே அதனை இயக்கும் ஆற்றல். நிழல் தரும் சாலையும், சிறிது தொலைவிற்கு ஓர் ஊரும், ஊர்தோறும் கிணறும் உள்ள நாட்டில் வாழ்வோர்க்கு அதன் அருமை முழுதும் புலனாவதில்லை. ஊரும் இன்றி, ஆறும் இன்றி, ஒதுங்குவதற்கு ஒரு மரமும் இன்றிக் காற்று மட்டும் தடையின்றி வீசும் நிலத்தில் அவ்வெளிய வண்டி என்ன செய்ய வல்லது? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒரு பயணம் இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

அப்பயணத்தை மேற்கொண்டவர் ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவர். இவர் 1872ஆம் ஆண்டில், தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டின் பெர்னாம்புகோ என்னும் இடத்திற் பிறந்தவர். ஆஸ்திரேலியாவிற்கு வந்து, மேற்குப் பகுதியிலுள்ள கூல்கார்டி என்னும் பொன்வயலை அடைந்தார். 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24ஆம் நாள், இருபத்து நான்கு வயது நிரம்பிய அவ்விளைஞர் கூல்கார்டியிலிருந்து கிழக்கே அடிலெய்டு நகரை நோக்கி மிதிவண்டியிற் புறப்பட்டார். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 2000 கிலோமீட்டர். உடன் சென்றவர் ஒருவரும் இலர். வண்டியில் இருந்தவை சிறு மூட்டை ஒன்றும் நீர்ப்பை ஒன்றுமே. வழியின் நடுவே கிடந்தது நல்லார்பர்ச் சமவெளி. அதனை மிதிவண்டியிற் கடந்தவர் அதற்குமுன் எவரும் இலர்.

நல்லார்பர் என்னும் பெயர் இலத்தீன் மொழியினின்று ஆக்கப்பட்டது. 'மரம் ஒன்றும் இல்லாதது' என்பது அதன் பொருள். 1860களில் அந்நிலத்தை அளக்கச் சென்ற டெலிசர் என்னும் நில அளவையர் அப்பெயரை இட்டார். ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டிக் கிழக்கு மேற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, ஏறத்தாழ 2,00,000 சதுரக் கிலோமீட்டர் பரந்து கிடக்கின்றது அச்சமவெளி. பாலை என்றவுடன் மணற்குன்றுகளையே எண்ணுதல் வேண்டா. நல்லார்பரின் பெரும்பகுதி மணல் அன்று, சுண்ணாம்புப் பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் அது கடலின் அடித்தளமாக இருந்தது. கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் படிந்து பாறையாகி, பின்னர்க் கடலினின்று மேலெழுந்து சமவெளியாயின. இன்றும் அதன் தென்விளிம்பு பல இடங்களிற் கடலை நோக்கிச் சுவர்போல நிற்கும் செங்குத்துப் பாறையாகவே உள்ளது.

அங்கே மழை சிறிதே பெய்யும். பெய்யும் மழையும் நிலத்தின்மேல் ஓடுவதில்லை. சுண்ணாம்புப் பாறையில் எண்ணற்ற வெடிப்புகளும் புழைகளும் உள்ளன. விழுந்த நீர் அவற்றின் வழியே கீழிறங்கி மறைந்துவிடுகின்றது. ஆதலின் அப்பரப்பில் ஆறு என்று ஒன்று இல்லை. ஓடை என்று ஒன்று இல்லை. முழங்கால் அளவு வளரும் உப்புச்செடிகளும் அவைபோன்ற புதர்களுமே கண்ணுக்கு எட்டியவரை தோன்றும். நிலத்தினடியிற் பெருங்குகைகள் உள்ளன. சில இடங்களிற் குகைகளின் வாயாகிய சிறு துளைகள் சமவெளியில் திறந்திருக்கின்றன. வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்பொழுது அத்துளைகளிலிருந்து காற்று சீறி வெளிப்படும். அழுத்தம் மிகும்பொழுது உள்ளே இழுக்கப்படும். நிலமே மூச்சு விடுவதுபோல் அது தோன்றும்.

நிலத்தின் மேல் வீசும் காற்றோ இன்னும் வலியது. தெற்கே பனி மூடிய அண்டார்க்டிகா வரையிற் பெருங்கடலேயன்றி வேறு நிலம் இல்லை. வடக்கே நாட்டின் உட்பகுதியாகிய வெம்பாலை. கோடைக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் காற்று உலைக்களத்திலிருந்து வருவதுபோற் கொதிக்கும். பின்னர்த் திடீரெனத் திசை மாறித் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த கடற்காற்று வீசத் தொடங்கும். எத்திசைக் காற்றாயினும் அதனைத் தடுப்பதற்கு மலையோ, சோலையோ, வேலியோ அங்கில்லை. ரிச்சர்ட்சன் புறப்பட்ட காலம் தென்னாட்டுக் கோடையின் தொடக்கம். அப்பருவத்து வெப்பம் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 2019ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நல்லார்பரில் ஒரு நாள் வெப்பநிலை 49.9 பாகை செல்சியசு அளவை எட்டியது.

இத்தகைய நிலத்தை முதன்முதலிற் கடந்தவர் ரிச்சர்ட்சன் என்று கருதுதல் பிழையாகும். பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்துவரும் பழங்குடி மக்கள் அதன் இயல்பை நன்கு அறிந்திருந்தனர். எந்தப் பாறைக்குழியில் மழைநீர் தங்கும், எந்த மணல்மேட்டின் அடியில் தோண்டினால் நன்னீர் ஊறும், எம்மரத்தின் வேரை வெட்டி நிறுத்தினால் நீர் சொட்டும் என்பவற்றை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவந்தனர்.

அவ்வறிவின் மதிப்பை ஐரோப்பியருள் முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் எட்வர்டு ஜான் அயர். இவர் 1841ஆம் ஆண்டிற் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கித் தென்கரை வழியே சென்றார். உடன் சென்றவர் பாக்ஸ்டர் என்பவரும், வைலி உள்ளிட்ட பழங்குடி இளைஞர் மூவரும் ஆவர். கரையோர மணல்மேடுகளில் நீர் தோண்டும் முறையை வழியில் வாழ்ந்த பழங்குடியினர் அவர்க்குக் காட்டினர். நீர் கிட்டாத நாட்களில் விடியற்காலையிற் புதர்களின்மேற் படிந்த பனித்துளிகளைக் கடற்பஞ்சினால் ஒற்றி எடுத்துப் பிழிந்து பருகினர். ஏப்பிரல் 29ஆம் நாள் இரவில், இளைஞருள் இருவர் பாக்ஸ்டரைச் சுட்டுக் கொன்று, உணவுப்பொருள்களிற் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டு அகன்றனர். எஞ்சிய அயரும் வைலியும் நூற்றுக்கணக்கான கல் தொலைவை நடந்தே கடந்தனர். இடையில் ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் அவர்க்கு அடைக்கலம் அளித்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் இருவரும் அல்பனி என்னும் ஊரை அடைந்தனர். வைலியின் துணையின்றி அயர் அப்பயணத்தை முடித்திருத்தல் அரிது.

அயர் நடந்த பின்னர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1892ஆம் ஆண்டிற் கூல்கார்டியிற் பொன் கிடைத்தது. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கான மக்கள் அங்குக் குவிந்தனர். பொன் இருந்தது, நீர் இல்லை. உப்பு ஏரிகளின் நீரைக் காய்ச்சி ஆவியாக்கிக் குளிரச் செய்து, அந்நீரை விலைக்கு விற்றனர். 1903ஆம் ஆண்டில் நெடுந்தொலைவிலிருந்து குழாய்வழி நீர் கொண்டுவரப்படும் வரையில் அந்நிலை நீடித்தது.

நீர் விலைப்பொருளாகிய அவ்விடத்திற் குதிரை வைத்துப் பேணுதல் எளிதன்று. வெயிற்காலத்தில் உழைக்கும் குதிரைக்கு நாளொன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். ஒட்டகங்கள் பல நாள் நீரின்றி நடக்கும், பெருஞ்சுமை தாங்கும். ஆப்கானியர் என்று பொதுவாக அழைக்கப்பட்ட ஒட்டகக்காரர்கள், ஆப்கானித்தானத்திலிருந்தும் அக்கால இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளிலிருந்தும் வந்து, அப்பணியைத் திறம்படச் செய்தனர். ஆயினும் ஒட்டகத்தின் நடை மெல்லியது. விரைந்து செல்லவேண்டிய கடிதங்களுக்கும் செய்திகளுக்கும் பொன்வயல் மக்கள் மிதிவண்டியை நாடினர். சுரங்கத்திற்குச் சுரங்கம் செய்தி கொண்டுசெல்வதனையே தொழிலாகக் கொண்ட மிதிவண்டி வீரர்கள் பலர் தோன்றினர். ஒட்டகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து நடந்து புதர்நிலத்தில் ஓர் ஒடுங்கிய தடம் உண்டாகியிருந்தது. ஒட்டகத்தின் அகன்று மெத்தென்ற அடிகள் மண்ணை இறுக்கிச் சமமாக்கின. வண்டிப்பாதைகளைவிட அத்தடங்களே மிதிவண்டிக்கு ஏற்றனவாக இருந்தன. இவ்வாறு ஒட்டகம் இட்ட வழியில் உருளி ஓடிற்று.

அன்றைய மிதிவண்டி புதிதாகத் தோன்றிய பொறியேயாகும். முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் இருந்த பழைய வண்டியை விடுத்து, இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவினவாய்ச் சங்கிலியால் இயங்கும் வண்டியை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885ஆம் ஆண்டில் வெளியிட்டார். காற்றடைத்த ரப்பர் டயரை 1888ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் அமைத்தார். இவ்விரண்டும் சேர்ந்தமையாலேயே கரடுமுரடான நிலத்தில் நெடுந்தொலைவு செல்லுதல் இயல்வதாயிற்று. எனினும் மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியைத் தானே உருளவிடும் அமைப்பு அக்காலத்தில் இன்னும் பரவவில்லை. பெரும்பாலான வண்டிகளிற் சக்கரம் சுழலுங்காறும் காலும் சுழன்றுகொண்டே இருத்தல் வேண்டும். முள்ளும் கூரிய கல்லும் டயரைத் துளைக்கும். துளைத்த இடத்தை ஏறிச் சென்றவனே ஒட்டிக்கொள்ளல் வேண்டும்.

இனி, ரிச்சர்ட்சன் கொண்டுசென்ற நீர்ப்பையைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். அக்காலத்து ஆஸ்திரேலியப் பயணிகள் எடுத்துச் சென்ற நீர்ப்பைகள் கித்தான் துணியால் தைக்கப்பட்டவை. துணியின் இழைகளின் வழியே நீர் சிறிது சிறிதாகக் கசிந்து புறத்தை நனைக்கும். காற்றுப் பட்டு அந்நீர் ஆவியாகும்பொழுது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கவர்ந்து செல்லும். மண்பானையில் நீர் குளிர்வதும் இம்முறையிலேயே. கொதிக்கும் வெயிலிலும் பருகத்தக்க குளிர்ந்த நீர் இவ்வாறு கிடைத்தது. ஆயினும் அந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. காற்று எவ்வளவு வறண்டு விரைந்து வீசுகின்றதோ, அவ்வளவிற்குப் பையிலுள்ள நீரும் குறையும்.

காற்றினால் நேரும் இழப்பு அஃதொன்று மட்டும் அன்று. காற்றில்லாப் பொழுதில் ஒருவன் மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவிற் செல்வதாகக் கொள்வோம். அவன் முகத்தில் மோதும் காற்றின் விரைவும் அவ்வளவே. அதே விரைவில் எதிர்க்காற்றும் வீசுமாயின், மோதும் காற்றின் விரைவு மணிக்கு 40 கிலோமீட்டர் ஆகும். விரைவு இருமடங்கு ஆயிற்று. ஆனால், காற்று தரும் தடை நான்கு மடங்கு ஆகின்றது. முன்போலவே 20 கிலோமீட்டர் விரைவிற் செல்லவேண்டுமெனின், காற்றை வெல்வதற்கு மட்டும் நான்கு மடங்கு ஆற்றலைச் செலவிடல் வேண்டும். மனித உடல் நெடுநேரம் அதனைத் தாங்காது. ஆகவே விரைவைக் குறைத்தலன்றி வேறு வழியில்லை. தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, உடலை ஒடுக்கிக்கொண்டால் தடை சிறிது குறையும், முற்றும் நீங்காது.

பசுமையான நாட்டில் விரைவு குறைந்தால் வீடு சேரும் நேரம் தாழும், அவ்வளவே. பாலையிலோ அதன் விளைவு வேறு. வெயிலில் உழைக்கும் ஒருவன் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை வியர்வையாக இழத்தல் கூடும். வறண்ட காற்றில் அவ்வியர்வை தோன்றிய கணமே உலர்ந்துவிடும். உடல் நனைவதில்லை, ஆதலின் இழப்பும் புலனாவதில்லை. ஐந்து மணி நேரத்தில் அடையவேண்டிய நீர்நிலையை எதிர்க்காற்றினாற் பத்து மணி நேரத்தில் அடைவதாயின், ஐந்து லிட்டர் நீர் மிகுதியாக வேண்டும். அதனைச் சுமந்தால் வண்டியின் எடை ஐந்து கிலோகிராம் கூடும். எடை கூடினால் மணலிற் சக்கரம் புதையும். சக்கரம் புதைந்தால் நேரம் இன்னும் நீளும். இவ்வாறு காற்று தொலைவை நேரமாக்குகின்றது. நேரம் நீராகச் செலவாகின்றது. நல்லார்பரை நோக்கி வண்டியைச் செலுத்திய ரிச்சர்ட்சனின் உயிர் இந்தக் கணக்கையே பற்றி நின்றது.

அவர்க்கு வழிகாட்டியாக விளங்கியது தந்திக் கம்பி. மேற்கு ஆஸ்திரேலியாவையும் தெற்கு ஆஸ்திரேலியாவையும் இணைக்கும் தந்தி வழி 1877ஆம் ஆண்டில் நிறைவெய்தியிருந்தது. மரமே இல்லாத நிலத்திற் கம்பங்களைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து நட்டுக் கம்பி இழுத்த தொழிலாளர்களின் உழைப்பு சிறிதன்று. கம்பி அறுந்தால் செப்பனிடுவதற்கு ஆட்கள் வந்துசெல்லும் தடம் அதன் ஓரத்தில் இருந்தது. கம்பங்களைத் தொடர்ந்து சென்றால் திசை தவறாது. இடையிடையே தந்தி நிலையங்களையும் கால்நடைப் பண்ணைகளையும் அடையலாம். அங்கு மனிதரும் உண்டு, நீரும் உண்டு. ரிச்சர்ட்சன் அத்தந்தி வழியை விடாது பின்பற்றினார். குறுக்கு வழி தேடி வெளியே சென்று துணிவைக் காட்ட அவர் விரும்பினாரல்லர்.

வழி தெரிந்திருந்தமையாற் பயணம் எளிதாயிற்று என்று சொல்வதற்கில்லை. வெப்பத்தைப் பற்றிப் பின்னர்க் குறிப்பிட்டபொழுது, நிழலிலேயே ஆயிரம் பாகை இருந்தது என்று அவர் நகைச்சுவை தோன்றக் கூறினார். அந்நகைச்சுவையின் உள்ளே அவர் பட்ட துன்பத்தின் அளவு அடங்கியுள்ளது. மதூரா என்னும் பண்ணை, இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படைக்குக் குதிரை வளர்த்து அனுப்பும்பொருட்டு 1876ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அப்பண்ணைக்கு மேற்கே ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவு மணல்மேடுகள் தொடர்ந்து கிடந்தன. நல்லார்பரின் பாறைநிலத்தில் ஓடும் சக்கரம் மணலில் ஓடாது. மென்மணலில் வண்டியை விட்டிறங்கித் தள்ளிச் செல்லுதலே வழியாகும். ஏறிச் செல்வோனைச் சுமக்கவேண்டிய வண்டி அவனுக்கே சுமையாகிவிடும். நெடும்பயணம் முழுவதிலும் ரிச்சர்ட்சன் மிகவும் வெறுத்துப் பேசியது இம்மணற்பரப்பையே.

மதூராவிற்குக் கிழக்கே, இரு மாநிலங்களின் எல்லைக்கு அருகிற் கடலோரத்தில் யூக்லா என்னும் தந்தி நிலையம் இருந்தது. மேற்கிலிருந்து வரும் செய்திகளும் கிழக்கிலிருந்து வரும் செய்திகளும் அங்கே கைமாறின. தொடக்க ஆண்டுகளில் இரு பகுதியினரும் வெவ்வேறு தந்திக் குறியீடுகளைக் கையாண்டமையால், ஒரு பகுதியினர் எழுதித் தந்த செய்தியை மற்றப் பகுதியினர் வாங்கித் தம் குறியீட்டில் மீண்டும் அனுப்பவேண்டியிருந்தது. பாலையின் நடுவே, கடலின் ஓரத்தில், உலகச் செய்திகளையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு சிற்றூர் வாழ்ந்தது. அதற்குக் கிழக்கே மீண்டும் நெடுந்தொலைவு வெறுநிலம். அதனையும் கடந்தே குடியிருப்புகள் மிகுந்த பகுதியை அடைதல் வேண்டும்.

புறப்பட்ட நாளிலிருந்து முப்பத்தோராம் நாள் ரிச்சர்ட்சன் அடிலெய்டு நகரை அடைந்தார். சராசரியாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஆகின்றது. நல்ல சாலையிற் செல்லும் ஒருவர்க்கு இஃது அருஞ்செயல் அன்று. சாலையே இல்லாத நாட்டில், டிசம்பர் வெயிலில், ஒரு பை நீரோடு, முப்பத்தொரு நாள் தொடர்ந்து இவ்வளவு சென்றமையே அருஞ்செயலாயிற்று. ஒரு நாளிற் பெருந்தொலைவு ஓடிப் புகழ் பெறுவது ஒருவகை வலிமை. மறுநாளும் அதற்கு மறுநாளும் எழுந்து, அதே காற்றை எதிர்த்து, அன்றன்றைக்கு வேண்டிய தொலைவை முடிப்பது வேறுவகை வலிமை. பாலை பின்னதையே வேண்டிநின்றது.

அப்பயணத்தால் அவர் மனம் சலிக்கவில்லை. 1899ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பெர்த் நகரிலிருந்து மீண்டும் புறப்பட்டார். இம்முறை அவர் எண்ணியது ஆஸ்திரேலியாவை முழுதும் சுற்றிவருதல். வடமேற்கில் மழையும் வெள்ளமும் இடர் செய்தன. அவற்றையெல்லாம் கடந்து, வடகரை, கீழ்கரை, தென்கரை ஆகியவற்றின் வழியே 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் பெர்த்திற்குத் திரும்பினார். எட்டுத் திங்களிற் சுற்றிவந்த தொலைவு ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர். மிதிவண்டியில் ஆஸ்திரேலியாவைச் சுற்றிய முதல்வர் என்னும் பெயர் அவர்க்கு நிலைத்தது. இடையில் 1897ஆம் ஆண்டில் ஜெரோம் மூரிஃப் என்பவர் அடிலெய்டிலிருந்து வடகோடியிலுள்ள டார்வின் வரையில் நாட்டின் நடுவழியே மிதிவண்டியிற் சென்று சேர்ந்தார். ஒருவர் சென்று காட்டிய பின்னர், இயலாது என்று எண்ணப்பட்டது பலர்க்கும் இயல்வதாயிற்று.

பின்னர் நல்லார்பரின் தோற்றம் சிறிது சிறிதாக மாறியது. 1917ஆம் ஆண்டில் அதன் குறுக்கே இருப்புப்பாதை நிறைவெய்தியது. அதில் ஒரு வளைவும் இன்றி 478 கிலோமீட்டர் தொலைவு நேராகச் செல்லும் பகுதி உலகில் மிக நீண்டதாகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941ஆம் ஆண்டில் நெடுஞ்சாலைப் பணி தொடங்கிற்று. அதற்கு அயரின் பெயரே இடப்பட்டது. அச்சாலை முழுவதும் தார் இடப்பட்டது 1976ஆம் ஆண்டில். இன்று மிதிவண்டியில் நல்லார்பரைக் கடக்க விரும்புவோர் ஆண்டுதோறும் வருகின்றனர். உணவும் நீரும் தரும் விடுதிகள் வழியில் உள்ளன. எனினும் விடுதிக்கும் விடுதிக்கும் இடையே நெடுந்தொலைவு வெறுநிலமே. காற்று அன்றுபோலவே வீசுகின்றது. எத்திசையிலிருந்து காற்று வீசும் என்பதை ஆராய்ந்தே அறிவுடைய பயணி தன் நாளை வகுத்துக்கொள்கின்றான்.

யூக்லா தந்தி நிலையத்தின் கதை இங்கு நினைவுகூரத் தக்கது. 1890களில் முயல்கள் பெருங்கூட்டமாக அப்பகுதியிற் பரவின. ஆஸ்திரேலியாவிற்கு அவை ஐரோப்பியராற் கொண்டுவரப்பட்டவை. கடற்கரை மணல்மேடுகளை வேரால் இறுக்கிப் பிடித்திருந்த செடிகொடிகளை அவை தின்றழித்தன. பிடிப்பற்ற மணலைக் காற்று வாரிக்கொண்டுவந்து ஊரின்மேற் குவித்தது. 1927ஆம் ஆண்டில் அந்நிலையம் கைவிடப்பட்டது. இன்று அங்குச் செல்வோர், கூரையற்ற கற்சுவர்கள் மணலிற் புதைந்தும் புதையாமலும் நிற்பதைக் காணலாம். சிறு செடியின் வேர் காத்துவந்ததைக் கல்லும் சுண்ணமும் காக்க இயலவில்லை. நிலத்தின் இயல்பை அறிந்து நடவாதவர்க்குக் காற்று கற்பிக்கும் பாடம் இதுவாகும்.

ரிச்சர்ட்சன் தனியே சென்றார் என்று வரலாறு கூறுகின்றது. அது மெய்யே. அவருடைய கால்களே வண்டியை இயக்கின. அவருடைய உடலே வெயிலைத் தாங்கியது. எனினும் அவர் சென்ற வழி தனியொருவரால் ஆகியதன்று. நீர் இருக்குமிடம் அறிந்த பழங்குடி மக்கள், அயரோடு நடந்த வைலி, புதர்நிலத்தில் தடம் பதித்த ஒட்டகங்கள், அவற்றை நடத்திய ஒட்டகக்காரர்கள், வெயிலிற் கம்பம் நட்ட தொழிலாளர்கள், பண்ணைகளில் நீர் சேர்த்து வைத்தவர்கள் ஆகிய அனைவருடைய உழைப்பும் அறிவும் அவ்வொற்றைச் சக்கரத் தடத்தின் அடியில் உள்ளன. அவர்களுட் பலருடைய பெயரை எந்த நூலும் குறித்து வைக்கவில்லை. துணிவுடையோன் தான் செல்லும் வழியை முன்னரே அமைத்துத் தந்தவர்களை அறிந்து, அவர்கள் தந்ததைச் சிக்கனமாகக் கையாண்டு, தன் பங்கிற்குரிய தொலைவைத் தளராது கடக்கின்றான். அவன் கடந்த பின்னர் அவனுடைய தடமும் பின்வருவோர்க்கு வழியாகின்றது.